மாந்தோப்புக்குள் வந்த கும்பினி

வேலை கேட்டுப் போகிற இடத்துக்கு இரண்டேகால் வயதுக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போகலாமா, கூடாதா? போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது. இன்னமும் எனக்குப் பதில் தெரியவில்லை. விட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நாளைக்கு நான்கு முறையாவது யோசிக்கிறேன். கூட்டிக்கொண்டு போனதால் என்ன ஆயிற்று என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது தரங்கம்பாடிக்குப் பக்கத்தில். கணவருக்கு ஜூன் மாதம் அரூருக்கு மாற்றல். அது அவருடைய சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் அவருக்குக் கொண்டாட்டம். நான் வரலாறு படித்து, பி.எட். முடித்து, இரண்டு ஆண்டுகள் பாடம் நடத்தி, மகள் இனியா பிறந்ததும் வீட்டோடு நின்றுவிட்டவள். போன ஆண்டு இங்கே மூன்று பள்ளிகளில் வேலை கேட்டேன். மூன்றிலும் படிப்பைப் பற்றி ஒரு கேள்வி, குழந்தையைப் பற்றி ஐந்து கேள்வி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவீர்களா என்றார்கள். போடுவேன் என்று உண்மையைச் சொன்னேன். மூன்று இடத்திலிருந்தும் தகவல் வரவில்லை.

இந்த நிலையில்தான் அரூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லி அழைப்பு வந்தது. எட்டாம் வகுப்பு, நாற்பது நிமிடம். பாடம்: வியாபாரம் செய்ய வந்த கும்பினி, அதாவது ஆங்கிலேயர்களின் கம்பெனி, நாட்டை ஆளும் கும்பினியாக மாறிய கதை. இதுவும் கைவிட்டுப் போனால் சான்றிதழ்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவது, இனி எங்கேயும் கேட்பதில்லை என்று எனக்குள் முடிவு செய்திருந்தேன். கணவரிடம்கூட இதைச் சொல்லவில்லை.

கடற்கரைக் கோட்டையைப் பார்த்தே வளர்ந்தவள் நான். கப்பலில் வந்தார்கள், கரையில் கிடங்கு கட்டினார்கள், கிடங்கைச் சுற்றிச் சுவர் எழுப்பினார்கள் என்பதெல்லாம் எனக்குக் கண்ணால் பார்த்த பாடம். கடலே பார்க்காத பிள்ளைகளுக்கு அதை எப்படிச் சொல்வது? மூன்று வாரம் உட்கார்ந்து பதினொரு சார்ட்டுகள் வரைந்தேன். கப்பல், கோட்டை, வரைபடம், ஆண்டுவாரியாக நிகழ்ச்சிகள். சுருட்டி ரப்பர் போட்டு, நீளமான பிளாஸ்டிக் குழாயில் வைத்து மூடியும் போட்டேன். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது, கணவருக்கு விடுப்பு இல்லை. எனவே ஒரு கையில் குழாய், ஒரு கையில் இனியா.

ஞாயிற்றுக்கிழமை காலை மொரப்பூர். ரயில் அங்கே நிற்பது இரண்டே நிமிடம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதனால் பொம்மிடி தாண்டியதுமே கதவருகே போய் நின்றுவிட்டேன். நின்றவுடன் முதலில் பையை இறக்கினேன், பிறகு இனியாவை இறக்கினேன், பிறகு அவளுடைய ஒரு செருப்பைக் காணோம் என்று குனிந்து தேடினேன். செருப்பு கிடைத்தது. ரயில் கிளம்பியது. மேல் பலகையில் பதினொரு சார்ட்டும் குழாய்க்குள் பத்திரமாகப் படுத்தபடி ஜோலார்பேட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

ரயிலோடு பத்தடி ஓடினேன் என்று நினைக்கிறேன். குழந்தையை நடைமேடையில் தனியாக விட்டுவிட்டு ஓடினேன் என்பது பத்தடி கழித்துத்தான் உறைத்தது. திரும்பி ஓடி வந்தேன். நிலையத்தில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டு, ஜோலார்பேட்டைக்குப் போன் போட்டார். குழாயில் என்ன இருக்கிறது என்று அங்கிருந்து கேட்டார்கள். கப்பல் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அரை மணி நேரம் கழித்து, அந்தப் பெட்டியில் அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

என்னை அழைத்துப் போக வந்தவர் என் நாத்தனாரின் கணவர். நான் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மொரப்பூருக்கும் அரூருக்கும் நடுவே ஒரு கிராமத்தில் அவர்களுக்கு வீடும் மாந்தோப்பும் இருக்கிறது. மொபெட்டில் முன்னால் இனியா, பின்னால் நான், நடுவில் பை. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஈரக்காற்று முகத்தில் அடிக்கும். இங்கே காற்று அடுப்பைத் திறந்தது போல வந்தது. பாறை, புளியமரம், மீண்டும் பாறை. நான் அழுதுகொண்டே வருவதை அண்ணா கண்ணாடியில் பார்த்திருக்க வேண்டும். படம் போனா போவுது, நீ வந்து சேந்தியே என்று சொல்லிவிட்டு வண்டியை வேகமாக ஓட்டினார்.

அண்ணி, அதாவது என் நாத்தனார், களி கிண்டி வைத்திருந்தார். கூடவே கீரைக் கடைசலும் பச்சைப்புளி ரசமும். மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊரில் வளர்ந்த என் மகள், கருப்பாக உருண்டையாக இருந்த அதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பாள் என்று பயந்தேன். அவள் மூன்று உருண்டைகளை விழுங்கிவிட்டு நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். வேக வைத்தது சரியாக இருக்குமா, வயிறு தாங்குமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “ஊருல இருக்கற புள்ளைங்க எல்லாம் இதத் தின்னுதான் நடக்குதுங்க கண்ணு” என்றார்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கு நடந்தேன். செந்தூரா மரங்களில் காய்கள் சிவப்பேறித் தொங்கின. இனியா கையை நீட்டிக் கேட்டாள். கைக்கு எட்டுகிற கிளை. எங்கள் குடும்பத்துத் தோப்பு. ஒன்றைப் பறித்து அவள் கையில் கொடுத்தேன்.

நாய் முதலில் வந்தது. அதன் பின்னால் கீற்றுக் குடிசையிலிருந்து ஒருவர் கையில் கவணோடு ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். யார் நீங்க, எந்த ஊரு, யாரைக் கேட்டுப் பறிச்சீங்க என்று கேட்டார். இது எங்கள் தோப்பு என்றேன், கொஞ்சம் கோபமாகவே.

“தோப்பு உங்களுதுதாம்மா. காயி எங்க சாவுகாருது” என்றார்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் மாந்தோப்பைப் பூவிலேயே பேசி முடித்துவிடுவார்கள். மரத்தில் பூ பூத்ததும் வெளியூர் வியாபாரி, இவர்கள் சொல்கிற சாவுகாரர், வந்து பார்த்து, குத்தகை பேசி, பணம் கொடுத்துவிடுவார். அன்றிலிருந்து கடைசிக் காய் இறங்கும் வரை மருந்தடிப்பது, காவல் காப்பது, பறிப்பது எல்லாம் அவர் பாடு. தோப்பின் சொந்தக்காரர்கூடத் தன் மரத்தில் கை வைக்க முடியாது. ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்த இந்த வழக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த எனக்குத் தெரியவில்லை. என் கல்யாணமும் அதற்குப் பிறகு வந்த பயணங்களும் ஐப்பசி மாதத்தில், மரம் வெறுமனே நிற்கும்போதே முடிந்துவிட்டிருந்தன.

காவல்காரர் பெயர் முனிரத்தினம். அவர் போனை எடுத்துத் தெலுங்கில் பேசினார். எனக்குத் தெலுங்கு அரைகுறையாகப் புரியும். ‘ஒரு அம்மா, கூட ஒரு பாப்பா, தோப்புக்காரர் வீட்டு ஆள்தானாம், திருடுகிற முகமாகத் தெரியவில்லை’ என்பதுபோல ஏதோ சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னார்களோ, முனிரத்தினம் சிரித்தபடி இன்னும் இரண்டு காய்களைப் பறித்து இனியாவிடம் கொடுத்தார். சாவுகாரு பாப்பாவுக்குக் குடுக்கச் சொன்னாரு என்றார்.

நான் நன்றி சொன்னேன். பத்து எட்டு நடந்த பிறகுதான் யோசித்தேன். எங்கள் மரத்துக் காயை எங்கள் குழந்தைக்குக் கொடுத்ததற்கு, எங்கேயோ இருக்கிற ஒருவருக்கு நான் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அரூருக்குப் பஸ் ஏறி சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்தேன். மறுநாள் காலை வகுப்பு. பஸ் முழுக்கத் தீர்த்தமலைக்கு மொட்டை போடப் போகிற கூட்டம். கன்னடம் பேசிய இரண்டு பெண்கள், எனக்குப் புரிந்த வரையில், யார் குழந்தை முதலில் அழும் என்று பந்தயம் பேசிக்கொண்டு வந்தார்கள். ‘உன் பையன் கத்தியைப் பார்த்தாலே போதும்’ என்று ஒருத்தி சொல்ல, ‘உன் வீட்டுக்காரர் அதற்கு முன்னால் அழுவார்’ என்று மற்றவள் திருப்பிக் கொடுத்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதினொரு சார்ட்டை ஒரு பகலில் மீண்டும் வரைய முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

முடியவில்லை. இரண்டு மணி நேரத்தில் ஒரு கப்பல் மட்டும் வந்தது. அதையும் இனியா பச்சை ஸ்கெட்சால் அலங்கரித்திருந்தாள். அண்ணி எட்டிப் பார்த்தார்.

“செருப்பா கண்ணு இது?”

கப்பல் என்றேன். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு தூக்குப்போசியை என் கையில் கொடுத்து, அண்ணாவுக்குச் சாப்பாடு கொண்டு போகலாம் வா என்று கூப்பிட்டார்.

தோப்பின் இரும்பு கேட்டுக்கு வெளியே ஒரு கல்லின் மேல் அண்ணா உட்கார்ந்திருந்தார். கேட்டில் பூட்டு தொங்கியது. உள்ளே மோட்டார் போட வேண்டும், ஆனால் சாவி முனிரத்தினத்திடம். அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். தோப்புக்கு வேலி போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டவர் வெளியே காத்திருக்கிறார். அண்ணி என்னிடம், “ஆறு மாசத்துக்கு இவரு இந்தத் தோப்புக்கு மாப்பிள்ள மாதிரி. வெளிய நின்னு குரல் குடுத்துட்டுத்தான் உள்ள போவணும்” என்றார். அண்ணா கோபித்துக்கொள்ளவில்லை. முன்னெல்லாம் பூட்டு இல்லை, குடிசை மட்டும்தான் என்றார். பிறகு நாய் வந்தது. போன வருடம்தான் பூட்டு வந்ததாம்.

முனிரத்தினம் வந்து திறந்துவிட்டார். நாங்கள் உள்ளே போன கொஞ்ச நேரத்தில் பக்கத்துக் காட்டுக்காரப் பெண் ஒருத்தி வந்தாள்; காடு என்றால் இங்கே விளைநிலம். அவளுடைய இரண்டு ஆடுகள் தோப்புக்குள் புகுந்ததால் முனிரத்தினம் அவற்றைப் பிடித்துக் கட்டி வைத்திருந்தார். அவள் நேராக அவரிடம் போய்க் கும்பிட்டாள். பக்கத்திலேயே அண்ணா களியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முனிரத்தினம் குடிசை முன்னால் கட்டிலில் அமர்ந்து அவள் சொன்னதைக் கேட்டார். இந்த ஒரு முறை விடுகிறேன், நாளைக்குள் வேலியை அடைத்துவிட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அவள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

உங்கள் தோப்பு, உங்கள் பக்கத்துக் காடு, அவர் தீர்ப்புச் சொல்கிறாரே என்று அண்ணாவிடம் கேட்டேன்.

“சொல்லட்டுமே. எனக்கு வம்பு மிச்சம்” என்றார் அண்ணா.

அப்போதுதான் மரங்களைப் பார்த்தேன். ஒவ்வொரு அடிமரத்திலும் சுண்ணாம்பால் எண் எழுதியிருந்தது. முனிரத்தினம் எழுதியது. நாற்பத்தேழாம் எண் எந்த மரம் என்று அண்ணாவிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கிணத்தோர மரம், கோணமரம், அவர் அப்பா வைத்த மரம் என்றுதான் அவருக்குத் தெரியும். முனிரத்தினத்திடம் கேட்டேன். கட்டிலிலிருந்து எழாமலே கையை நீட்டினார். அதில் எத்தனை காய் இருக்கிறது, எது எந்த வாரம் இறங்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மூன்று வாரமாக நான் வரைந்துகொண்டிருந்த பாடம் ஆறு ஏக்கரில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது. வாங்க வந்தவர், குடிசை, நாய், பூட்டு, தீர்ப்பு, எண். வீட்டுக்கு வந்து அந்தச் செருப்புக் கப்பலை மடித்து வைத்தேன். இது சரியாக வருமா, நிர்வாகத்தினர் இதைப் பாடம் என்று ஒத்துக்கொள்வார்களா, பிள்ளைகளின் அப்பாக்களைக் கேலி செய்வதாக ஆகிவிடுமா என்று அன்று முழுக்க மாற்றி மாற்றி யோசித்தேன். வேறு வழியும் இல்லை. கையில் சாக்பீஸ் மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை. இனியாவை அண்ணி பள்ளி மைதானத்து வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை, தாளாளர், மூத்த ஆசிரியர் ஒருவர். மூவர் கையிலும் தாள். என் கையில் எதுவும் இல்லாததைத் தாளாளர் கவனித்துவிட்டுத் தலைமையாசிரியையின் காதில் ஏதோ சொன்னார்.

கரும்பலகையில் ஆறு மாமரம் வரைந்தேன். மாமரம் வரைவது கப்பல் வரைவதை விடச் சுலபம். யார் வீட்டில் மாந்தோப்பு இருக்கிறது என்று கேட்டேன். பாதிக் கைகள் உயர்ந்தன. குத்தகைக்கு விட்டவர்கள் மட்டும் கையைத் தூக்கியபடி இருங்கள் என்றேன். ஒரு கையும் இறங்கவில்லை.

சாவுகாரர் முதலில் என்ன கேட்டு வருவார் என்று கேட்டேன். காய் என்றார்கள். கும்பினியும் அப்படித்தான் வந்தது, துணியும் மிளகும் கேட்டு என்றேன். தோப்பில் முதலில் என்ன போடுவார்? குடிசை என்றார்கள், பலகையில் மரங்களுக்கு நடுவே ஒன்று வரைந்தேன். கும்பினி கடற்கரையில் கிடங்கு போட்டது. குடிசையில் யார் இருப்பார்கள்? காவல்காரர் என்றார்கள், நாய் என்றார்கள். காவல்காரர் எந்த ஊர் என்றேன். ஒரு பையன் பக்கத்து ஊர் என்றான். இன்னொருவன் எங்கள் பெரியப்பாவேதான் என்றான். வகுப்பு சிரித்தது. கும்பினியின் சிப்பாய்களிலும் பெரும்பாலானவர்கள் நம் ஊர்க்காரர்கள் என்று சொன்னபோது சிரிப்பு நின்றது.

அதன் பிறகு நான் இழுத்துப் போகத் தேவையிருக்கவில்லை. அண்ணன் தம்பிக்குள் தோப்புச் சண்டை வந்தால் ஒருவர் என்ன செய்வார் என்று கேட்டேன். காவல்காரரைத் துணைக்குக் கூப்பிடுவார் என்றார்கள். ஆர்க்காட்டில் நவாப் பதவிக்கு இரண்டு பேர் மோதியபோது நடந்ததும் அதுதான். கும்பினி ஒருவர் பக்கம் நின்றது. உதவிக்குப் பதிலாக நிலத்தில் வரி வாங்கும் உரிமை கைமாறியது. வங்காளத்தில் முகலாய மன்னரே அந்த உரிமையை எழுதிக் கொடுத்தார். இதைத் தோப்பில் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். முதல் வரிசையில் ரேவதி என்று ஒரு பெண், சாவியைக் குடுத்துட்டாரு டீச்சர் என்றாள்.

அந்த நேரம் பார்த்து இனியா உள்ளே ஓடி வந்தாள். பின்னாலேயே அண்ணி. வாசலில் செருப்பைக் கழற்றலாமா, வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டு நின்றார். அந்த மூன்று பள்ளிகளும் எதைக் கேட்டனவோ, அது இப்போது எல்லோர் முன்னாலும் என் புடவையைப் பிடித்து இழுத்தது. தாளாளர் பேனாவைத் திறந்தார். வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். விட்டால் அழுவாள், அழுதால் நாற்பது நிமிடமும் போய்விடும். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன்.

இனியா பலகையைப் பார்த்து மாங்கா என்றாள். முப்பத்தெட்டுப் பேரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.

இடுப்பில் குழந்தையோடுதான் அந்த மாவட்டத்துக் கதையைச் சொன்னேன். பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட இந்த நிலம் மைசூர் சுல்தானிடம் இருந்தது. போரில் தோற்றபோது ராஜ்ஜியத்தில் பாதியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு மகன்களைப் பிணையாக அனுப்பவும் வேண்டியிருந்தது. அதைச் சொல்லும்போது என் கை இனியாவைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டது. இந்தப் பக்கம் கும்பினிக்கு வந்தது. வந்ததும் அவர்கள் முதலில் செய்தது என்ன? சண்டை இல்லை. அளந்தார்கள். ஒவ்வொரு காட்டையும் அளந்து, யாருடையது, என்ன விளையும் என்று எழுதி, ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி பேசினார்கள். மரத்துக்கு எண் எழுதுவது போலவா டீச்சர் என்று இரண்டு மூன்று பேர் ஒன்றாகக் கேட்டார்கள். உங்கள் தோப்பில் நாற்பத்தேழாம் மரம் எது என்று அப்பாவுக்குத் தெரியுமா என்றேன். ஒருவருக்கும் தெரியாது. காவல்காரருக்கு? தெரியும் என்று வகுப்பே கத்தியது.

தோப்புக் கதை பொருந்தாத இடத்தையும் சொல்ல வேண்டும் அல்லவா? சாவுகாரர்கள் கெட்டவர்கள் என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு போய்விட்டால் நாளை முனிரத்தினத்தின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? சாவுகாரர் எப்போது போவார் என்று கேட்டேன். கடைசிக் காய் இறங்கியதும், குடிசையைப் பிரித்துக்கொண்டு, ஆடியில் என்று பதில் வந்தது. பலகையில் வரைந்திருந்த குடிசையைச் சுட்டிக்காட்டி, “கும்பினி பிரிக்கல” என்றேன். அவ்வளவுதான். மணி அடித்தது. யாரும் எழவில்லை.

முடிந்ததும் தாளாளர் நான் எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டார். குழந்தையை என்ன செய்வீர்கள் என்றார். இங்கே நர்சரி வகுப்பு இருக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அதுதாங்க சார் கேக்குறாங்க, இருக்குதுன்னு சொல்லுங்க” என்றார். நாளை தருமபுரியில் இருக்கும் அலுவலகத்தில் அசல் சான்றிதழ்களைக் காட்டிவிட்டுப் போங்கள், முடிவைப் போனில் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

புதன்கிழமை தருமபுரியில் காகிதங்களைக் காட்டிவிட்டு சேலம் பஸ் ஏறினோம். அதிகமாகப் பேசிவிட்டேனா, நர்சரியைக் கேட்டது திமிராகத் தெரிந்திருக்குமா என்று வழியெல்லாம் யோசனை. தொப்பூர் கணவாயில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஒரு லாரி சாய்ந்து, சாலை முழுக்கத் தக்காளி. யாருக்கும் அடியில்லை, டிரைவர் ஓரமாக நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் மைசூர்ப் படையும் கும்பினிப் படையும் ஏறி இறங்கிய கணவாய் இது. அவர்களையும் ஏதாவது வண்டி கவிழ்ந்து நிறுத்தியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இனியா ஜன்னல் வழியாகத் தக்காளியை எண்ண ஆரம்பித்தாள். அவளுக்குத் தெரிந்தது மூன்று வரைதான். மூன்று வந்ததும் மறுபடியும் ஒன்று.

அங்கேதான் போன் வந்தது. தலைமையாசிரியை. ஜூன் முதல் வாரம் வந்து சேர்ந்துவிடுங்கள், உத்தரவு தபாலில் வரும் என்றார். தாளாளர் நேற்று வீட்டுக்குப் போய்த் தன் சொந்தத் தோப்பு மரங்களில் எண் பார்த்தாராம், அவருக்கும் நாற்பத்தேழு தெரியவில்லையாம்.

நான் என்ன சத்தம் போட்டேனோ, பக்கத்து இருக்கை அம்மா என் தோளைப் பிடித்து என்னாச்சு என்று பதறினார். வேலை கிடைத்தது என்றேன். அவர் எழுந்து நின்று, “இந்தப் பொண்ணுக்கு டீச்சர் வேல கெடைச்சிருச்சாம்” என்று பஸ்ஸுக்கே அறிவித்தார். கண்டக்டர் டிக்கெட் கட்டையால் கம்பியைத் தட்டிக் கொண்டாடினார். நின்ற வண்டிகளுக்கு நடுவே வேர்க்கடலை விற்றவரைக் கூப்பிட்டு, முன்னால் மூன்று வரிசைக்கும் பின்னால் மூன்று வரிசைக்கும் வாங்கிக் கொடுத்தேன். முன்பின் தெரியாதவர்கள் கடலை உரித்துக்கொண்டே என் குழந்தைக்கு எந்த எண்ணெய் தேய்க்க வேண்டும் என்று அறிவுரை சொன்னார்கள். இனியா பிறந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த அறிவுரையையும் கேட்டதில்லை.

போனை வைப்பதற்கு முன்னால் தலைமையாசிரியை இன்னொன்று சொன்னார். முதல் வரிசை ரேவதி ஒரு தாளில் கேள்வி எழுதி, புது டீச்சரிடம் கொடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். படிக்கட்டுமா என்று கேட்டு, படித்தார்:

“எங்க அப்பா வருசா வருசம் அடுத்த வருசம் குத்தகைக்கு வுட மாட்டேன்னு சொல்றாரு டீச்சர். பூ வந்ததும் வுட்டுடறாரு. மருந்தடிக்க எங்ககிட்ட காசு இல்ல. அப்ப சாவியக் குடுத்த நவாபு மேல தப்பா, வாங்குன கும்பினி மேல தப்பா?”

ஜூனில் சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். வந்ததிலிருந்து புத்தகங்களைப் புரட்டுகிறேன். வாங்கியவர்கள் மேல்தான் என்று சட்டென்று சொல்லிவிடலாம். அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவைப் பார்ப்பாள், அவருக்குத் தப்பே இல்லை என்று நம்புவாளா? கொடுத்தவர்கள் மேல் என்று சொன்னாலோ, பதின்மூன்று வயதுப் பெண்ணிடம் உன் அப்பாதான் குற்றவாளி என்று சொன்னதாகிவிடும். இரண்டு பேர் மேலும் என்பது தப்பிக்கிற பதில், அதை அவள் கண்டுபிடித்துவிடுவாள். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்கள், தோப்புக் குத்தகைக்கு விட்டவர்கள், வேறு வழியில்லாமல் யாரிடமாவது சாவியைக் கொடுத்தவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். ரேவதியிடம் நான் என்ன சொல்லட்டும்? பள்ளி திறக்க இன்னும் நான்கு வாரம்தான் இருக்கிறது.